மார்ச் மாதக் கடிதங்கள்: எரு, கூடு, மூன்று ஆண் வாத்துகள்

இங்கிலாந்தில் மண் சற்றே சூடேறத் தொடங்கியதும், எனக்கு வரும் கடிதங்களும் தோட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன.

கேள்வி: பழைய சரக்கு என்று நீல நிற நத்தை மருந்தைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். அதில் மெட்டல்டிஹைட் என்று எழுதியிருக்கிறது. வாத்துகள் உலவும் தோட்டத்தில் போடலாமா? (குரோய்டன்)

பதில்: வாங்காதீர்கள். அது பறவைகளுக்கு நஞ்சு. வெளியில் பயன்படுத்துவதும் 2022 மார்ச் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. நத்தையைத் தின்ன வாத்து வைத்திருப்பவருக்கு நத்தை மருந்து எதற்கு?

கேள்வி: கவுன்சில் தந்த அலொட்மென்டில் (வாடகைக்குத் தரும் சிறு தோட்ட நிலம்) வாத்து வளர்க்க இணையத்தில் கூடு வாங்கி, மூன்று வாரங்களுக்கு முன்பே பொருத்தி நிறுத்திவிட்டேன். இப்போது கவுன்சில் அனுமதி மறுக்கிறது. கூட்டைத் திருப்ப முடியுமா? (ஹாரோ)

பதில்: முடியாது. இணையத்தில் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்புவதற்குக் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு. அதை நீங்கள் தவறவிட்டீர்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் அலொட்மென்டில் கோழிக்கும் முயலுக்கும் இடம் தருகிறது. வாத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அலொட்மென்ட் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கூடு வாங்கியது கடைக்காரரின் குற்றமன்று. நானும் ஒரு முறை கோழிக்கூட்டை மலிவாக வாங்கி வாத்துகளை விட்டேன். அவை அந்தச் செங்குத்தான ஏணியில் ஏற மறுத்து, இரவெல்லாம் மழையில் நின்றன.

கேள்வி: கடந்த மார்ச்சில் விளம்பரம் பார்த்து ஒரு லாரி குதிரை எரு வாங்கிப் பரப்பினேன். தக்காளி, பீன்ஸ் இலைகளெல்லாம் கிண்ணம்போல் குவிந்து, பெரணிபோல் சுருண்டன. விற்றவர் "ஏதோ நோய்" என்கிறார். (ஈஸ்ட் ஹாம்)

பதில்: நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லியைக் காட்டுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் அதைத் தெளித்தால் அகன்ற இலைக் களைகள் மடியும், புல் பிழைக்கும். அந்தப் புல்லையோ வைக்கோலையோ தின்ற குதிரைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மருந்து குடலைக் கடந்து சாணத்தில் சேர்ந்து, குவித்து வைத்த எருவில் நெடுநாள் தங்கிவிடும். 2008இல் இந்நாட்டில் பலருடைய பாத்திகள் இப்படிக் கெட்டு, அந்தக் களைக்கொல்லியின் விற்பனை நிறுத்தப்பட்டு, பின்னர் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த நிபந்தனைகள் எருவோடு சேர்ந்து லாரியில் வருவதில்லை என்பதுதான் என் பல வருடக் கோபம். தெளித்தவருக்குத் தெரியும், வைக்கோல் விற்றவருக்குத் தெரிந்திருக்கலாம், ஏமாறுகிறவருக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. விலையை மட்டும் விசாரித்து வாங்கிய நானும் ஒரு கோடைத் தக்காளி முழுவதையும் இழந்தேன்.

மிச்சமிருக்கும் எருவைத் தொட்டி மண்ணோடு கலந்து பிராட் பீன்ஸ் விதையுங்கள். எரு கலக்காத தொட்டி ஒன்றிலும் விதையுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் வேறுபாடு தெரியும். இரண்டையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், ஏனெனில் ஆறு மாதம் கடந்துவிட்டதால், எரு வரும்போதே கெட்டிருந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. விற்றவர் வணிகர் என்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி எரு அதன் பயனுக்கு ஏற்றதாக இருந்திருக்க வேண்டும். எருவின் விலையோடு பயிர் இழப்பையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அந்தப் பாத்தியை அடிக்கடி கொத்திவிட்டு, இந்த ஆண்டு மக்காச்சோளம் போடுங்கள். அது புல்லினம் என்பதால் தாங்கும்.

கேள்வி: "மூன்றும் பெட்டை" என்று விளம்பரம் செய்தவரிடம் இந்தியன் ரன்னர் இன வாத்துக் குஞ்சுகள் வாங்கினேன். மூன்றுக்கும் குரல் கரகரக்கிறது, வால் இறகு சுருண்டிருக்கிறது. (லெஸ்டர்)

பதில்: மூன்றும் ஆண்தான், உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். விற்றவர் தனிநபரே ஆனாலும் சொன்ன விவரமும் கொடுத்த உயிரும் ஒத்திருக்க வேண்டும்; விளம்பரத்தின் படம் இருந்தால் அதை இணைத்துப் பணத்தைக் கேளுங்கள். அடுத்த முறை குரல் உடைந்த பிறகு வாங்குங்கள்: உரக்கக் கத்துவது பெட்டை. ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

கேள்வி: தீவனச் செலவைக் குறைக்க மிஞ்சிய சோறு, கறியை வாத்துகளுக்குப் போடலாமா? (ரெடிங்)

பதில்: கூடாது, சட்டவிரோதம். சமையலறையைத் தொடாமல் தோட்டத்திலிருந்து நேராகப் பறித்த கீரையைப் போடுங்கள்.

கேள்வி: மூன்று வருடப் பழைய தக்காளி விதையும் பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு) விதையும் சேர்த்து ஒரு பவுண்டு. வாங்கலாமா? (சட்டன்)

பதில்: தக்காளி முளைக்கும். பார்ஸ்னிப் விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.