16 வயதில் ஒன்பதாம் வகுப்பு: சட்டம் தடுக்கிறதா?

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தாலே வயது பற்றிய கடிதங்கள் நிறைய வரும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புச் சேர்க்கை தொடர்பான சில கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் விளக்கம் அளிக்கிறோம்.

கேள்வி: என் அக்காள் மகன் எட்டாம் வகுப்பு முடித்தவுடன், குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டரை ஆண்டுகளாக ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்த்தான். இப்போது அவனுக்கு 16 வயது. ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனபோது, “சட்டத்தில் 14 வயது வரைதான் இருக்கிறது, இவனைச் சேர்த்தால் எங்களுக்குச் சிக்கல்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் சட்டம் அப்படித்தான் சொல்கிறதா? – வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இல்லை. பள்ளியில் உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை மட்டுமே. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 21அ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது சரியே. ஆனால் அந்த 14 என்பது, குழந்தைக்குக் கட்டாயமாகக் கல்வி அளித்தே தீர வேண்டும் என்று அரசின் மீது சுமத்தப்பட்ட கடமைக்கான எல்லை. அந்த வயதைக் கடந்தவரைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. கடமை முடியும் இடத்தைத் தடை தொடங்கும் இடமாகப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது.

சட்டத்தை இயற்றியவர்களே 14 வயதைக் கடக்கும் மாணவர்களை எதிர்பார்த்திருந்தார்கள் என்பதற்கு 4ஆவது பிரிவே சான்று. இடைநின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், அவ்வாறு சேர்ந்த குழந்தை 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை இலவசக் கல்வி பெறலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. உங்கள் அக்காள் மகன் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டதால் அந்தப் பிரிவு அவனுக்கு நேரடியாகப் பொருந்தாது. எனினும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத உச்ச வயது வரம்பும் இல்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள் தனித்தேர்வர்களாக அமர்ந்து எழுதும் தேர்வுக்கு 16 வயதுப் பையனை ஆயத்தம் செய்வதில் பள்ளிக்கு என்ன சட்டச் சிக்கல் வந்துவிடப் போகிறது?

இங்கே வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம், 14 வயது நிரம்பாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது (பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், குழந்தைக் கலைஞராக நடிப்பது போன்றவற்றுக்கும் சில நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு). 14 முதல் 18 வரையுள்ளவர்களை அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது. ஆகவே கல்விக்கான சட்டப் பாதுகாப்பு முடியும் அதே நாளில் வேலைக்கான வாசல் சட்டப்படியே திறந்துவிடுகிறது. 14 வயதில் பெரும்பாலும் எந்த மாணவனும் பத்தாம் வகுப்பை முடித்திருக்க மாட்டான் என்பது தெரிந்திருந்தும் இந்த எல்லையை உயர்த்தாமல் வைத்திருப்பது, என் கருத்தில், நம் சட்டத்தின் பெரிய குறை.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்ப வேண்டாம். எட்டாம் வகுப்பு முடித்ததற்கான மாற்றுச் சான்றிதழின் நகலை இணைத்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலமாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் கையெழுத்துப் பெறுங்கள். சேர்க்க இயலாதென்றால் காரணத்தை எழுதித் தருமாறு கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றவுடனேயே பல மறுப்புகள் காணாமல் போய்விடும். அப்போதும் மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு அனுப்பலாம். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பேசலாம். பையனுக்கு இன்னும் 18 வயது நிரம்பாததால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிட முடியும். தன்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர்களோடு அமர்ந்து படிக்க அவன் மனம் ஒப்பவில்லையென்றால் தனித்தேர்வர் வழியும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் வரும் கேள்வியில் காண்க.

கேள்வி: என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வயது சற்றுக் குறைவாக இருந்ததால், பிறந்த தேதியை நான்கு மாதம் முன்னதாகச் சொல்லிச் சேர்த்துவிட்டார் என் மாமனார். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும், பள்ளிப் பதிவேட்டில் வேறொரு தேதியும் இருக்கின்றன. இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அப்படியே விட்டுவிடலாமா? – வாசகர், விருத்தாசலம்

பதில்: விட்டுவிடக் கூடாது. தாமதிக்கவும் கூடாது. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கே மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் வருவதற்குக் காரணம் அன்றைய தலைமையாசிரியர்களின் பேனாதான் என்பதை அனைவரும் அறிவர். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை. இன்று கடவுச்சீட்டு, ஆதார், நுழைவுத் தேர்வு விண்ணப்பம் என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தேதிகளும் எதிரெதிரே வந்து நிற்கும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியே கல்வித் துறையின் இணையப் பதிவுக்கும், அங்கிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வர் பெயர்ப்பட்டியலுக்கும், இறுதியில் மதிப்பெண் சான்றிதழுக்கும் செல்கிறது. பெயர்ப்பட்டியல் இறுதியாவதற்கு முன்பு திருத்துவது அலுவலக வேலை. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிக் கைக்கு வந்த பின்பு திருத்துவதோ, பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றம் வரை இழுக்கும் வேலை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே, பிறப்புச் சான்றிதழின் அசலுடன் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறை அலுவலருக்கு விண்ணப்பித்துத் திருத்த ஆணை பெற்றுவிடுங்கள். பத்தாம் வகுப்பில் விவரங்களைச் சரிபார்க்கப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வரும்போது, பிள்ளையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாமல் தேதியையும் பாருங்கள்.

பள்ளிப் பதிவுக்கு நீதிமன்றம் தரும் எடை பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் சிறாரா இல்லையா என்பதை முடிவு செய்ய, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். அவை இல்லாதபோதே உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் மருத்துவப் பரிசோதனை. விபத்து இழப்பீடு தொடர்பான ஒரு வழக்கிலும், 2024 அக்டோபரில், ஆதாரில் உள்ள தேதியை ஏற்காமல் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை உட்பட எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான சான்று என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனிவரும் தாத்தாக்களுக்கு அந்த வசதி இருக்காது.

கேள்வி: தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த மகனை அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க விரும்புகிறேன். கட்டண பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். அவனுக்குச் சென்ற மாதம் 14 வயது முடிந்துவிட்டது. எனக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? – வாசகர், திருப்பூர்

பதில்: எட்டாம் வகுப்பு வரை என்றால் பதில் எளிது. அரசு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாற விரும்பும் குழந்தைக்கு உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்றும், அது வரத் தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் வகுப்பாலும் வயதாலும் அந்தப் பிரிவின் எல்லையைத் தாண்டிவிட்டான். ஆனால் மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தெளிவாகக் கூறியிருக்கிறது. பாக்கியைப் பற்றிய குறிப்பைச் சான்றிதழில் எழுதுவதும் கூடாது என்றது. பாக்கி இருந்தால் பெற்றோரிடமிருந்து சட்டப்படியான வழியில் பள்ளி அதை வசூலித்துக்கொள்ளலாம். அந்தக் கடன் உங்களுடையது, பையனுடையது அல்ல. தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பள்ளிக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, அதன் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகளுக்கு 15 வயது. இலவசக் கல்வி 14 வயதோடு முடிந்துவிட்டது என்கிறார்களே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: அவளுக்கு முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட 6 முதல் 18 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலுடன் வட்டார வள மையத்தை அணுகுங்கள்.

கேள்வி: 13 வயதாகும் என் மகன் வீட்டிலேயே படிக்கிறான். நேரடியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போது முடியாது. இங்குதான் வயது உண்மையிலேயே தடையாகிறது. அதுவும் கீழ் எல்லையில். மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விதிப்படி, நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத 14½ வயதும், எட்டாம் வகுப்பு எழுத 12½ வயதும் நிரம்பியிருக்க வேண்டும். முதன்முறையாக எழுதும் தனித்தேர்வர், தேர்வு விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் தனியே பெயர் பதிந்து வகுப்புக்குச் சென்றிருக்க வேண்டும். இதைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பினால் போதும்; உச்ச வரம்பு அங்கும் இல்லை, தமிழ்வழியிலும் எழுதலாம். உங்கள் மகன் இப்போதைக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் வழக்கமான பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர அவன் விரும்பினால் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும்.