பின்பக்கத் தட்டலும் டயர் தேய்மானமும்

வணக்கம். உங்கள் பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரில் தாழ்வான ஸ்பிரிங் போட்ட பிறகு பின்புறம் "டொக்" என்று தட்டுவதாகவும், டயரின் உள்விளிம்பு தேய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை பெரும்பாலும் இரு வேறு கோளாறுகள்.

முதலில், டிக்கியின் பக்க விரிப்பை விலக்கி ஷாக் மவுண்ட்டில் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பாடியோடு பிணைக்கும் தாங்கியில்) விரலை வைத்துக்கொண்டு, வேறொருவரைக் காரை அமுக்கச் சொல்லுங்கள். தட்டல் விரலில் தெரிந்தால் மவுண்ட் போய்விட்டது என்றே கொள்ளலாம். இல்லையெனில் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷை (பின்சக்கரத்தைத் தாங்கும் கையைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் துண்டை) பாருங்கள்: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கியிருந்தால், கார் தரையிறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும்.

தேய்மானத்துக்குக் கேம்பரை (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணத்தை) மட்டும் குறை சொல்ல வேண்டாம். டயரை அதிகம் தின்பது டோ கோணம்தான், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. புஷ் வேலை முடிந்த பிறகே அலைன்மென்ட் (இந்தச் சக்கரக் கோணங்களை) பாருங்கள். அதற்கு முன், சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தரைத்தகட்டில் விரிசல் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த மாடலின் பழைய நோய் அது.