பிளாஸ்டிக் பெட்டி: கேட்டதும் சொன்னதும்

ஈரோட்டில் பிளாஸ்டிக் பெட்டி, கிரேட் வியாபாரம் செய்கிறேன். பனியன் கம்பெனிக்கும் வீட்டுக்கும் பெட்டி வாங்கும்போது வரும் சந்தேகங்களைக் கேளுங்கள் என்றிருந்தேன். எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில். அதற்கு முன் ஒன்று: பெட்டியை வெயிலில் போடாதீர்கள். பாதிப் புகார் அதனால்தான் வருகிறது.

அண்ணா, திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறோம், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். வெட்டிய துணிக் கட்டுகளை, அதாவது கட்டிங் பண்டல்களைத் தரையில் அடுக்குவதால் சைஸ் மாறிப்போகிறது. எந்தப் பெட்டி வாங்கலாம்?

அடியும் பக்கமும் மூடிய பெட்டியாக வாங்குங்கள். ஓட்டை வைத்த பெட்டி காய்கறிக்கு. துணிக்கு அதை வைத்தால் மேல் பெட்டியின் தூசியும் பஞ்சும் கீழ்ப் பெட்டியில் கொட்டும். வெள்ளைத் துணியில் ஒரு கறை போதும், பீஸ் ரிஜெக்ட்.

சைஸுக்கு ஒரு நிறம் என்று மட்டும் பிரிக்காதீர்கள். ஆர்டருக்கு ஆர்டர் சைஸ் மாறும், பெட்டி அதேதான் இருக்கும். வேலையின் நிலைக்கு நிறம் வையுங்கள். கட்டிங்கிலிருந்து வந்தது நீலம், செக்கிங் முடிந்தது பச்சை, ரிஜெக்ட் சிவப்பு. சிவப்புப் பெட்டியில் நல்ல பீஸைப் போட யாருக்கும் கை வராது. சைஸ், கலர், பண்டல் நம்பர் எல்லாம் முன்பக்கம் செருகும் டிக்கெட்டில் இருக்கட்டும்.

அளவு 600-க்கு 400 மில்லிமீட்டர். சரக்கு அடுக்கும் பலகையான 1200-க்கு 1000 பேலட்டில் ஒரு அடுக்குக்கு ஐந்து பெட்டி இடைவெளி இல்லாமல் உட்காரும். விலை குறைவு என்று நான்கு அளவில் வாங்கி வைத்தால் அடுக்கும்போது அழுவீர்கள்.

எந்த பிராண்டு நல்லது அண்ணா?

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிபுரொப்பிலீன், 2 இருந்தால் எச்டிபிஇ என்ற கெட்டியான பாலிஎத்திலீன். இரண்டும் சரி. ஆனால் நம்பர் என்ன பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். சாப்பாட்டுக்கு ஆகுமா என்பதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி தனி. நம்பரும் இல்லை, கறுப்பாக இருக்கிறது, மூடியைத் திறந்தால் வாசம் அடிக்கிறது என்றால் அதில் செருப்பு வைக்கலாம், பருப்பு வைக்காதீர்கள்.

தாராபுரம் பக்கம். கம்பு, ராகியை நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டாலும் வண்டு வருகிறதே?

காயவைத்த சூட்டோடு போட்டு மூடிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே வேர்க்கும். மூடியின் அடிப்பக்கம் தடவினால் கையில் ஈரம் படும். அந்த ஈரத்தில்தான் வண்டு பெருகுகிறது. தானியத்தை நிழலில் ஆறவிட்டு, டப்பாவையும் துடைத்து உலர்த்தி, அப்புறம் போடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே காற்று குறைவாக இருக்கும். பழைய தானியத்தின் மேலேயே புதியதைக் கொட்டுவதை விடுங்கள். அடியில் கிடக்கும் முட்டை அப்படித்தான் மேலே ஏறுகிறது.

ஏனுங்கண்ணா, நான் உடுமலை. தக்காளி 14 கிலோ பெட்டிக்கு என்றுதான் விலை பேசுகிறார்கள். கூம்பாகக் குவித்தால்தான் எடுக்கிறார்கள். எடை போட்டால் கூடுதலாக வருகிறது. பெட்டி என்ன கணக்குங்க?

பெட்டி கணக்கே இல்லைங்க. அது தூக்கும் சாமான், அளக்கும் சாமான் இல்லை. 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விற்பனை கிலோ, கிராமில் நடக்க வேண்டும். கூடுதலாகப் போவது உங்கள் தக்காளி. தோட்டத்திலேயே ஒரு தராசு வையுங்கள்.

ஒட்டன்சத்திரத்தில் வியாபாரம் பண்றேன். எங்களையே திருடன் மாதிரி பேசாதீங்க. அடியில் நசுங்கி வருவதை யார் தலையில் கட்டுவது? அதற்குத்தான் கூடுதல்.

திருடன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நசுங்குவதே அந்தக் கூம்பால்தான். கிரேட் எப்படி எடை தாங்குகிறது என்று கவனியுங்கள். மேல் பெட்டியின் அடி கீழ்ப் பெட்டியின் விளிம்பில் உட்காரும். எடை நான்கு மூலை வழியாக இறங்கித் தரைக்குப் போகும், உள்ளே இருக்கும் பழத்துக்குத் தெரியவே தெரியாது. விளிம்புக்கு மேல் தக்காளி நின்றால் மேல் பெட்டி விளிம்பில் உட்காராது, பழத்தின் மேல்தான் உட்காரும். எட்டு அடுக்கு லாரியில் அடிப்பெட்டிக்கு என்ன ஆகும்? விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தி, எடை போட்டு வாங்கிப் பாருங்கள், கழிவு குறையும்.

உடுமலைக்காரன்தாங்க. இரண்டு விரல் குறைத்தால் வேறு பெட்டியைப் பார் என்கிறார்கள். காலிப் பெட்டியும் சரியாகத் திரும்பி வருவதில்லை.

காலிப் பெட்டிக்கு வழி உண்டு. பக்கத்தில் உங்கள் இனிஷியலைச் சூடு வைத்து எழுதுங்கள். பெயின்ட் உரிந்துவிடும். எத்தனை போனது, எத்தனை வந்தது என்று வண்டி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மற்றது, தனியாக நின்று சொன்னால் நடக்காது. ஒரே வண்டியில் ஏற்றும் நாலைந்து தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம்: மரப்பெட்டி காலத்தில் இந்தப் பேச்சே இல்லை.

மரப்பெட்டியில் ஆணி குத்தியது, ஈரம் ஊறியது. அப்போதும் பேச்சு இருந்தது. இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பிராண்டு சொல்லுங்க அண்ணா.

மேலே இருக்கிறது.

மஞ்சள் கறை பிடித்த டப்பாவை என்ன செய்வது?

ஈரோட்டுக்காரனிடம் கேட்கும் கேள்வி! மஞ்சளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், தேய்த்தால் போகாது. கழுவி ஒருநாள் வெயிலில் காட்டுங்கள், நிறம் வெளிறும். ஆமாம், வெயில்தான். ஒருநாள் காயவைப்பது வேறு, வருடம் முழுக்க மொட்டை மாடியில் போட்டுவைப்பது வேறு.

பட்டுச் சேலையைப் பெட்டியில் வைக்கலாமா?

பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

எந்த டப்பாவில் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது?

அதை டாக்டரிடம் கேளுங்கள்.

கோவையில் லேத் பட்டறை. பெட்டி ஆறு மாதத்தில் கைப்பிடி பிய்கிறது. மட்டமான பெட்டியா?

இரும்பை வாய்வரை நிரப்புகிறீர்கள். தக்காளிக்கான பெட்டியில் இரும்பைக் கொட்டினால் எந்தக் கைப்பிடியும் நிற்காது. உயரம் குறைந்த, அடியில் விலா வைத்த பெட்டி வாங்குங்கள், ஒரு ஆள் தூக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். அப்புறம், பட்டறை வாசலில் வெயிலில் அடுக்கியிருக்கிறீர்களா? வெளுத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தால் அதுதான் காரணம். உள்ளே நகர்த்துங்கள்.