இஎம்ஐ போட்டு கேமரா வாங்கலாமா? முதல் கல்யாணம் எடுக்கப் போற தங்கச்சிக்கு

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயசு. ரெண்டு வருசமா காதுகுத்து, பர்த்டே, வளைகாப்புன்னு எடுத்துட்டிருக்கேன். கேனான் 200டி மார்க் 2, அதோட வந்த 18-55 லென்ஸ், தனியா ஒரு 50 எம்எம் 1.8, இவ்வளவுதான் என்கிட்ட. காலேஜ் ஃப்ரெண்டோட அக்காவுக்கு தை மாசம் மதுரையில கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில 6 டூ 7.30 முகூர்த்தம். ஃபோட்டோ முழுக்க நீதான்னு சொல்லிட்டாங்க, வீடியோவுக்கு வேற ஆள். இஎம்ஐ போட்டு ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 70-200 லென்ஸும் வாங்கிடலாமான்னு இருக்கு. எவ்வளவு கேக்கறதுன்னும் தெரியல. ராத்திரி மண்டபத்துல தங்கணுமேன்னு அம்மா வேற பயப்படறாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறது?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்காதீங்க தங்கச்சி. ஒரு கல்யாண ஆர்டர நம்பி இஎம்ஐ போட்டா அந்த இஎம்ஐ கட்டறதுக்காகவே கண்ட ரேட்டுக்கெல்லாம் ஆர்டர் புடிக்க ஆரம்பிச்சுடுவீங்க, அப்புறம் அதுல இருந்து வெளிய வர்றது பெரும்பாடு. உங்க கேமராவுக்கு கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேம விட சின்ன சென்சார், அதனால 50 லென்ஸ் கிட்டத்தட்ட 80 மாதிரி வேலை செய்யும், மணப்பொண்ணு முகத்த தனியா எடுக்க அது போதும். 18-55ல தான் சிக்கல், ஜூம் பண்ணப் பண்ண எஃப் 5.6க்கு போயிடும் (எஃப் எண் கூடக் கூட லென்ஸ் வாய் சுருங்கி வெளிச்சம் கம்மியா வரும்), தை மாசம் காலையில ஆறு மணிக்கு வெளியவே இருட்டாத்தான் இருக்கும், மண்டபத்துக்குள்ள கேக்கவே வேணாம். அதுக்கு பதிலா கிராப் பாடிக்கான 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒண்ணும், கூட உங்க கேமரா மாதிரியே இன்னொரு பாடியும் வாடகைக்கு எடுத்துடுங்க. மதுரையிலயே கிடைக்கும். ரெண்டாவது பாடி பந்தாவுக்கு இல்ல, முகூர்த்தத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்ப முதல் பாடி மக்கர் பண்ணா கையில எடுக்க. ஆனா மார்கழி பூரா சும்மா இருந்த ஊர் மொத்தமும் தை பொறந்ததும் கல்யாணம் வைக்கும், ஒரே முகூர்த்த நாள்ல எல்லா ஃபோட்டோகிராஃபரும் ஒரே லென்ஸுக்கு அலைவாங்க, அதனால இப்பவே சொல்லி வைங்க. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே கைக்கு வர்ற மாதிரி பாத்துக்கோங்க, பழகாத லென்ஸோட மேடை ஏறக்கூடாது. சொந்தமா வாங்கறதுன்னா ஒரு ஃப்ளாஷ் (கோடாக்ஸ் போதும், ஆனா உங்க கேமராவுல ஃப்ளாஷ் மாட்டற எடத்துல நடு பின் கிடையாது, அதனால கேனானுக்கான டிடிஎல் மாடலா, உங்க கேமராவுலயே மாட்டிப் பாத்து வாங்குங்க), பேட்டரி ரெண்டு, 64 ஜிபி கார்டு நாலு. அவ்வளவுதான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கல்யாண ஃபோட்டோல பாதி வேலை கேமராவுல இல்ல, அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கறதுல இருக்கு. நலங்கு உண்டா, பந்தக்கால் எப்ப, காசியாத்திரை ஊஞ்சல் எல்லாம் பண்றவங்களா, தாரை வார்க்கறது எந்த எடத்துல, அம்மி மிதிக்கறது மணவறையிலயே நடக்குமா கீழ எறங்கியா, அருந்ததி காட்ட வெளிய கூட்டிட்டு போவாங்களா, பால் பழம் யார் குடுப்பாங்க, இதெல்லாம் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. சில வீட்ல ஐயரே கிடையாது, ஊர்ப் பெரியவர் எடுத்துக் குடுப்பார். அதனால கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பொண்ணோட அம்மா இல்ல அத்தை யாரையாவது புடிச்சு உக்காந்து வரிசையா எழுதி வாங்கிடுங்க. காலையில ஐயர் வந்ததும் ஒரு வணக்கம் போட்டு, "சாமி, தாலி கட்டறப்ப மாப்பிள்ளை நின்னுட்டு கட்டுவாரா, உக்காந்தா?"ன்னு கேட்டு வைங்க. அவருக்கும் உங்க மேல ஒரு நல்ல எண்ணம் வந்துடும், கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு நீங்க சொன்னா கேப்பார்.

உங்க பக்கம் தாய்மாமன் முக்கியத்துவம் உங்களுக்கே தெரியும். சீர்த்தட்டு வர்றது, தாய்மாமன் மாலை போடறது, இதுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா தாலி கட்டற படம் எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த ஆல்பத்த வீட்ல பொரட்டறப்ப எல்லாம் உங்கள திட்டுவாங்க. சீர் வர்றப்ப மேளம் வாசல்ல கேக்கும், அப்ப உள்ள மணவறைய எடுத்துட்டு நிக்காம வாசலுக்கு ஓடிடுங்க.

தாலி கட்டற நேரம். இதுக்குத்தான் எல்லாருக்கும் கை நடுங்கும். ஒரு சின்ன சூட்சுமம் சொல்றேன். கட்டறதுக்கு முன்னாடி தாலிய தேங்காய் மேல தட்டுல வச்சு சபையில எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கக் கொண்டு போவாங்க இல்ல, அந்தத் தட்டு கீழ எறங்குச்சுன்னா உங்களுக்கு ரெண்டு மூணு நிமிசம் இருக்குன்னு அர்த்தம். எல்லாரும் தட்டு பின்னாடி போய் ஃபோட்டோ எடுப்பாங்க, நீங்க ரெண்டே ரெண்டு படம் எடுத்துட்டு உங்க எடத்துக்கு வந்துடுங்க. கார்டுல எடம் இருக்கா, பேட்டரி எத்தன கோடு, ஃப்ளாஷ் ஆன்ல இருக்கா, எல்லாத்தையும் அப்பவே பாத்துடணும். அப்புறம் ஐயர் கைய தூக்கி மேளக்காரங்கள பாத்து ஆட்டுவார், கெட்டிமேளம் ஆரம்பிக்கும், அப்ப யோசிக்க நேரம் இருக்காது. நேரா எதிர்ல நின்னா மாப்பிள்ளையோட ரெண்டு கையும் பொண்ணு முகத்த மறைச்சுடும், அதனால பொண்ணு பக்கமா ஒரு அடி ரெண்டடி தள்ளி நில்லுங்க, ஒரு சின்ன ஸ்டூல் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அந்த நேரத்துல முன்வரிசை மொத்தமும் ஃபோனோட எந்திரிச்சுடும். ஃபோகஸ் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பொண்ணு கண்ணுல. ஆட்டோல விட்டா கேமரா பறந்து வர்ற அட்சதைய போய் புடிக்கும். மெஷின் கன் மாதிரி பட்டன அமுக்கிட்டே இருக்காதீங்க, தொடர்ந்து ரா (சென்சார் தகவல் அப்படியே இருக்கற பெரிய ஃபைல்) எடுத்தா பஃபர் (கார்டுல ஏறறதுக்கு முன்னாடி படம் தங்கற எடம்) நிறைஞ்சு கேமரா முழிச்சுட்டு நிக்கும், ஃபுல் பவர்ல வச்ச ஃப்ளாஷும் மறுபடி சார்ஜ் ஆக ஒண்ணு ரெண்டு செகண்ட் எடுத்துக்கும், அடுத்த படம் கறுப்பா வரும். ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) ஏத்தி ஃப்ளாஷ் பவர 1/8க்கு கொறைச்சுட்டு மூணு மூணா எடுங்க. மூணாவது முடிச்சு நாத்தனார் போடறது, பின்னாடி விளக்கு புடிச்சுட்டு நிக்கறது, இதுவும் வேணும். அது முடிஞ்ச உடனே கேமராவ அப்படியே பொண்ணோட அம்மா அப்பா பக்கம் திருப்புங்க. பல ஆல்பத்துல நான் பாத்த நல்ல படம் அதுதான், ஆனா பாதி பேர் அதுக்குள்ள ஸ்க்ரீன்ல தாலி படம் சரியா வந்துச்சான்னு பாத்துட்டு இருப்பாங்க.

கூறைப்புடவை வாங்கிட்டு பொண்ணு மாத்தப் போற இடைவெளி இருக்கே, அது உங்களுக்கு கெடைக்கற வரம். கார்டு மாத்தறது, தண்ணி குடிக்கறது, மாப்பிள்ளைய தனியா எடுக்கறது எல்லாம் அப்பதான்.

லைட் பத்தி. மண்டபத்து சீலிங் உயரமா இருக்கும், இல்லன்னா கலர் கலரா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, ஃப்ளாஷ மேல திருப்பி பவுன்ஸ் பண்ணா ஒண்ணு பத்தாது, இல்ல முகத்துல பச்சை அடிக்கும். வெள்ளச் சுவரு பக்கத்துல இருந்தா அங்க திருப்புங்க, இல்லன்னா ஒரு ட்ரிகர் (தள்ளி இருக்கற ஃப்ளாஷ வயர் இல்லாம அடிக்க வைக்கற கருவி) வச்சு ஃப்ளாஷ கழட்டி கூட வர்றவர் கையில குடுத்து சைடுல இருந்து அடிக்கச் சொல்லுங்க. ஃப்ளாஷ் இல்லாம எடுக்கறப்ப ஷட்டர் 1/50 இல்ல 1/100ல வைங்க, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ துடிக்கும், ஷட்டர வேகமா வச்சா படத்துக்கு படம் வெளிச்சம் மாறும், சில எல்இடிக்கு கோடு கோடா கூட விழும். ரிசப்ஷன் மேடையில பின்னாடி எல்இடி வால் வச்சிருந்தா அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, சாயங்காலம் முன்னாடியே போய் நாலு ஷட்டர் ஸ்பீடுல அடிச்சு பாத்துக்கோங்க. ஃப்ளாஷோட போறப்ப 1/200க்கு மேல போகாதீங்க, உங்க கேமராவுக்கு சிங்க், அதாவது ஃப்ளாஷும் ஷட்டரும் ஒத்துப்போற வேகம், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 3200க்கு பயப்படவே வேணாம், பொடிப்பொடியா நாய்ஸ் வந்துருக்குன்னு எந்த மாமியாரும் சண்டைக்கு வரமாட்டாங்க, ஷேக் ஆன படத்துக்குத்தான் வருவாங்க. ஹோமப்புகை வர்றப்ப ஃப்ளாஷ நேரா அடிச்சா படம் முழுக்க வெள்ளை மூட்டம், சைடுல இருந்து அடிங்க, இல்ல புகை அடங்கட்டும்னு விடுங்க. பட்டுப்புடவை ஜரிகை படத்துல சீக்கிரம் வெள்ளையா வெளுத்துடும், எக்ஸ்போஷர கொஞ்சம் கம்மியாவே வைங்க. 50ஐ எஃப் 1.8லயே வச்சு ரெண்டு பேர சேத்து எடுக்காதீங்க, பொண்ணு பளிச்சுன்னும் மாப்பிள்ளை மங்கலாவும் வருவார். ரெண்டு பேர்னா 2.8ல இருந்து 4, குடும்ப குரூப்புன்னா 5.6க்கு கொறையாம.

ஏசி ஹால்ல ராத்திரி பூரா இருந்த கேமராவ வெளிய எடுத்த உடனே லென்ஸ்ல ஆவி படியும், ஊர்வலம் எடுக்கணும்னா கால் மணி நேரம் முன்னாடியே பையோட வெளிய கொண்டு வந்து வச்சுடுங்க.

வீடியோகாரர் கிட்ட முதல் நாளே போய் பேசிடுங்க. உங்களுக்கு முன்னாடி இந்தத் தொழிலுக்கு வந்தவராத்தான் இருப்பார், "அண்ணே நீங்க எங்க நிப்பீங்க, நான் எந்தப் பக்கம் வந்தா உங்க ஃபிரேம்ல விழாம இருப்பேன்"னு நீங்களே கேட்டுட்டீங்கன்னா மனுசன் கரைஞ்சுடுவார். அவர் லைட்டுதான் அங்க பெரிய லைட்டு, அது முகத்துக்கு சைடுல விழற மாதிரி நீங்க நின்னுக்கிட்டா ஃப்ளாஷ் கூட வேணாம். அவர்கூட முறைச்சுக்கிட்டா ரெண்டு நாளும் உங்க படத்துல அவர் முதுகுதான் இருக்கும். அதே மாதிரி நம்ம முதுகையும் சபைக்கு காட்டிட்டே நிக்கக்கூடாது. தாலி கட்டறத பாக்க ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்த பெரியம்மா கேமராக்காரங்க முதுக பாத்துட்டு போறது பெரிய பாவம். எடுத்தா உடனே உக்காந்துடுங்க. மணவறையில செருப்பு ஷூ வேணாம். மந்திரம் சொல்றப்ப "இங்க பாருங்க, சிரிங்க" வேணவே வேணாம்.

ரிசப்ஷன்ல வரிசையா மேடையேறி மொய்க்கவர் குடுத்துட்டு நிக்கறவங்கள எடுக்கறது போரடிக்கற வேலைன்னு நிறைய பேர் கேண்டிட் எடுக்க ஓடிடறாங்க. ஆனா அந்தக் குடும்பம் பத்து வருசம் கழிச்சு தேடப்போறது அந்தப் படங்களத்தான், அதுல இருக்கற தாத்தா பாட்டி பாதி பேர் அப்ப இருக்க மாட்டாங்க. ஒரு குரூப்புக்கு மூணு படம், யாராவது கண்ண மூடியிருப்பாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கள உங்களுக்கு தெரியாது, அதனால ரெண்டு வீட்லயும் சொந்தம் எல்லாரையும் தெரிஞ்ச, வாய் உள்ள ஒரு ஆள கேட்டு வாங்கிடுங்க, அவங்க கூப்பிடுவாங்க நீங்க எடுக்க வேண்டியதுதான்.

அம்மா பயத்துக்கு வர்றேன், அது நியாயமான பயம். தம்பியோ அண்ணனோ ஒருத்தர அசிஸ்டண்டா கூட்டிட்டு போங்க, ஃப்ளாஷ் புடிக்கவும் பைய பாத்துக்கவும் எப்படியும் ஆள் வேணும். பொண்ணு வீட்டு லேடீஸ் ரூம்ல உங்களுக்கு ஒரு எடம்னு முன்னாடியே சொல்லி வாங்கிடுங்க. இன்னொண்ணு, மேக்கப் நடக்கற ரூமுக்குள்ள ஆம்பள ஃபோட்டோகிராஃபர் எல்லாம் கதவு தட்டிட்டு நிக்கறப்ப நீங்க உள்ள இருப்பீங்க. ஜடை பின்றது, ஒட்டியாணம் மாட்டறது, அக்கா தங்கச்சிங்க கிண்டல், எல்லாம் உங்களுக்கு மட்டும்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, பின்னாடி கண்ணாடியில யாராவது புடவை மாத்திட்டு இருக்காங்களான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க.

உங்க கேமராவுல ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். ராவா எடுத்தா 64 ஜிபில 2000 கிட்ட நிக்கும், அதுக்காக மொத்த கல்யாணத்தையும் ஒரே கார்டுல அடைக்காதீங்க. ரிசப்ஷன் ஒண்ணு, காலைச் சடங்கு ஒண்ணு, முகூர்த்தம் ஒண்ணு. எடுத்து முடிச்ச கார்டு கேமரா பைக்குள்ள போகக்கூடாது, பை காணாமப் போனாலும் கார்டு உங்க இடுப்புல இருக்கணும். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏத்துங்க, கஸ்டமர் கைக்கு படம் போற வரைக்கும் கார்ட ஃபார்மட் பண்ணாதீங்க.

எடிட்டிங்ல ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கறுப்பான பொண்ண வெள்ளையாக்காதீங்க. வீட்லயே யாராவது வந்து கேப்பாங்க, சிரிச்சுட்டு விட்டுடுங்க. மேடை ரோஸ் லைட்ட எடுத்துட்டு அந்தப் பொண்ணோட சொந்த நிறத்த கொண்டு வர்றதுதான் வேலை.

காசு. ஊருக்கு ஊரு ரேட் வேற, அதனால நான் ஒரு தொகை சொல்லி உங்கள குழப்பல. வாடகை, கூட வர்றவர் சம்பளம், போக்குவரத்து, அதோட எடிட்டிங்ல உக்காரப்போற நாள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூலி, எல்லாத்தையும் கூட்டுங்க. எடிட்டிங் நாள எல்லாரும் விட்டுடறாங்க, அங்கதான் நட்டம். ஃப்ரெண்டு அக்காங்கறதுக்காக கொறைக்கணும்னா உங்க கூலியில கொறைங்க, ஆல்பம் பிரிண்ட் காச அவங்களே லேப்புக்கு கட்டட்டும். வாடகைக்காவது ஆகற அளவு அட்வான்ஸ் வாங்காம தேதி குடுக்காதீங்க. ட்ரோன் கேட்டாங்கன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, 2021 ட்ரோன் விதிகள், ஏர்போர்ட் பக்கத்து தடைன்னு அது தனி உலகம், மதுரையில ஏர்போர்ட் வேற இருக்கு.

பேசினது எல்லாத்தையும் வாட்ஸ்அப்லயாவது எழுதி "ஓகே" வாங்கிடுங்க. முக்கியமா நம்ம நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 17வது பிரிவுப்படி, காசு குடுத்து எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு முதல் உரிமை எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான், வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. அதனால இன்ஸ்டாகிராம்ல போடணும்னா எத்தன படம், எதெல்லாம்னு பொண்ணுகிட்டயே முன்னாடி கேட்டு எழுதிக்கோங்க. ஆல்பத்துக்கு எத்தன ஷீட், படம் செலக்ட் பண்ணிக் குடுக்க எத்தன நாள், மீதிப் பணம் எப்பன்னும் அதுலயே வரணும். டிசைன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மீதிய வாங்கிடுங்க. செலக்‌ஷனுக்கு தேதி போடாம விட்டீங்கன்னா அந்த அக்காவோட வளைகாப்புக்கும் நீங்கதான் கேமராவோட போய் நிப்பீங்க, கல்யாண ஆல்பம் இன்னும் லேப்புக்கே போயிருக்காது.