குவாதலூப்பில் ஜீத் எடுக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

விடுமுறை நெருங்கினாலே குவாதலூப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கரீபியன் கடலில் இருந்தாலும் அது பிரான்சின் ஒரு மாவட்டம்தான். பாரிஸ் ஓர்லியில் ஏறினால் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். செலவுக்கு யூரோ, பேச்சுக்குப் பிரெஞ்சு. கோசியே, சேன்த் ஆன் பக்கம் பெரிய ஓட்டல்கள் சில உண்டு. ஆனாலும் நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது ஜீத் பற்றித்தான். வீட்டுக்காரர் தன் தோட்டத்திலேயே சமையலறையோடு கட்டி வாடகைக்கு விடும் சிறு வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். ஐந்தாறு மரக் குடில்களை ஒரே குடும்பம் நடத்தும் சிறு ஓட்டல்களும் நிறைய இருக்கின்றன. இந்த முறை அவற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கிழக்குப் பக்கம் கடலை ஒட்டி ஒரு ஜீத், நான்கு பேருக்கு ஜூன் மாதம் ஒரு வாரம் 450 யூரோ. அதே வசதியோடு தெஏ ஊரில் 800 கேட்கிறார்கள். மலிவாகக் கொடுப்பது ஏமாற்று வேலையா? (வாசகி, லா கூர்னவ்)

ஏமாற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

வரைபடத்தில் குவாதலூப் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். மேற்குச் சிறகு பாஸ் தேர். மலையும் காடும், 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையும் அங்கேதான். கிழக்குச் சிறகு கிராந்த் தேர், தட்டையான நிலம், கரும்புத் தோட்டம், வெள்ளை மணல். காற்று பெரும்பாலும் கிழக்கே அட்லாண்டிக் பக்கமிருந்துதான் வீசும். 2011இலிருந்து அந்தக் காற்றும் நீரோட்டமுமாகச் சேர்ந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியைக் கொண்டுவந்து கரையில் கொட்டுகின்றன. வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை அதிகம் வரும். சில வாரம் ஒன்றுமே இருக்காது, சில வாரம் கரையே தெரியாது.

புதிதாக ஒதுங்கியிருக்கும்போது வெறும் குப்பை மாதிரித்தான் தெரியும். அள்ளாமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகி, கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. ஒருமுறை காபெஸ்தேர் பக்கம் கடலோரத்தில் தங்கியபோது, என் மகளின் வெள்ளிக் கொலுசு நான்கே நாளில் கறுத்துப்போனது. வீட்டுக்காரர் ஏசி இயந்திரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே செப்புக் குழாயெல்லாம் கரி பூசினதுபோல இருந்தது. கொலுசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம். அந்தக் காற்றைக் குழந்தைகள் இரவெல்லாம் சுவாசித்தார்களே என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் பணம் கட்டும் முன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "சர்காஸ் வருகிறதா? இந்த வாரம் எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் மறைக்க மாட்டார், பல பேர் அன்றே எடுத்து அனுப்பிவிடுவார்கள். பழைய விருந்தினர்களின் கருத்துகளில் ஜனவரி, பிப்ரவரி மாதத்தவற்றை விட்டுவிட்டு மே, ஜூன், ஜூலையில் வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மேற்குக் கரைதான். தெஏ, புவாந்த் நுவார், பூயாந்த் ஆகிய ஊர்களுக்கு மலை மறைப்பு இருக்கிறது, பாசித் தொல்லை மிகக் குறைவு. மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 350 யூரோவில் இதெல்லாம் அடக்கம்.

கேள்வி: மூன்று நட்சத்திரம் என்று போட்டிருந்தால் நம்பலாமா? (வாசகர், லியோன்)

நட்சத்திரம் பொய்யில்லை. சுற்றுலா வீடுகளுக்கு ஒன்று முதல் ஐந்துவரை நட்சத்திரம் கொடுக்கும் முறை பிரான்சில் இருக்கிறது, ஒருமுறை கிடைத்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அளவு, சாமான், வசதிகளைப் பார்த்துக் கொடுப்பது அது. பக்கத்து வீட்டுச் சேவல் காலை நான்கு மணிக்குக் கூவுவதோ, கொசுவலையில் ஓட்டை இருப்பதோ அதில் வராது. நட்சத்திரமே வாங்காத அருமையான வீடுகளும் உண்டு, விண்ணப்பிப்பது அவரவர் விருப்பம்தான். ஜீத் த பிரான்ஸ் அமைப்பில் உள்ள வீடுகளுக்கு நட்சத்திரத்துக்குப் பதில் கதிர் சின்னம் இருக்கும். நான் அதையும் நட்சத்திரம் போலவே ஒரு தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: 700 யூரோ வாடகையில் 210 யூரோ முன்பணம் கட்டினேன். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் ரத்து செய்தேன். இப்போது வீட்டுக்காரர் மீதிப் பணத்தையும் கேட்கிறார். கேட்க முடியுமா? இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பலாம் என்கிறார்களே? (வாசகர், சார்செல்)

முதலில் அந்த 14 நாளை மறந்துவிடுங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. பலர் இதை நம்பித்தான் அவசரமாகப் பதிவு செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி உங்கள் ஒப்பந்தத்தை எடுங்கள். அந்த 210 யூரோவுக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது? 'ஆர்' என்றா, 'அக்கோந்த்' என்றா? தமிழில் இரண்டையும் முன்பணம் என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு.

'ஆர்' என்று இருந்தால், நீங்கள் பின்வாங்கினால் அந்த 210 போகும், அத்தோடு கதை முடிந்தது. வீட்டுக்காரர் பின்வாங்கினால் இரண்டு மடங்காக 420 திருப்பித் தர வேண்டும். 'அக்கோந்த்' என்றால் இருவரும் உறுதியாகக் கட்டுப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், மீதியையும் அவர் கேட்க இடம் உண்டு. எதுவுமே எழுதவில்லை, அவர் வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவர் என்றால், நீங்கள் கொடுத்தது 'ஆர்' ஆகவே கொள்ளப்படும்.

உங்கள் தாளில் 'அக்கோந்த்' என்றே இருந்தாலும் கைவிட்டுவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த வாரத்துக்கு வேறு ஆள் கிடைத்தாரா என்று கேளுங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சிறு வீட்டுக்காரர்களில் பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். எந்த வங்கி அட்டையில் கட்டினீர்கள் என்றும் பாருங்கள், சில அட்டைகளில் பயண ரத்துக் காப்பீடு சேர்ந்தே வரும். அப்புறம், அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. செப்டம்பரில் விலை இறங்குகிறதே என்று இன்னும் மூவர் கேட்டிருந்தார்கள். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர்வரை. 1989இல் ஹியூகோ, 2017இல் மரியா, இரண்டும் குவாதலூப்பைத் தாக்கியது செப்டம்பரில்தான். விமானம் ரத்தானால் டிக்கெட் பணத்தை விமான நிறுவனம் திருப்பித் தரும். ஜீத் பணம் தானாக வராது. புயல் வந்தால் என்ன என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: போன ஈஸ்டருக்குப் போனோம். ஆறு நாளில் மூன்று நாள் குழாயில் தண்ணீர் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகி, போபிஞி)

இந்தக் கடிதத்தைப் படிக்கவே வருத்தமாக இருந்தது. மழை கொட்டும் தீவு அது. ஆனால் குழாய்கள் பழையவை, வழியிலேயே பாதிக்கு மேல் கசிந்து போகிறது. அதனால் முறை வைத்து ஊர் ஊராகத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். அங்கே வாழ்கிறவர்களுக்கு இது பல ஆண்டுத் துன்பம். பக்கெட்டில் பிடித்துவைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் ஏராளம். வீட்டுக்காரர் மேல் கோபப்படும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

ஆனால் பணம் வாங்கி விருந்தினரை வைப்பவர் முன்னேற்பாடு செய்திருக்க வேண்டாமா? வேண்டும். அங்கே 'சித்தேர்ன்' என்பார்கள், தண்ணீர்த் தொட்டி. நாங்கள் தங்கிய ஒரு வீட்டின் பின்னால் நீல நிறத் தொட்டி, கீழே சின்ன மோட்டார். குழாயில் அழுத்தம் குறைந்தவுடன் மோட்டார் 'விர்ர்' என்று தானாக ஓடும். இரவில் அந்தச் சத்தம் கேட்டால்தான் வெளியே தண்ணீர் நின்றுவிட்டது என்றே எங்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் சித்தேர்ன் உண்டு என்று போட்டு உள்ளே இல்லையென்றால், அல்லது மோட்டார் கெட்டிருந்தால், வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் ஒன்றுமே சொல்லவில்லையென்றால் கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது கடினம்.

நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான், ஊர் திரும்பிய பிறகு எழுதியது. தண்ணீர் நின்ற அன்றைக்கே, நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். திறந்த குழாயைக் காட்டும் சின்ன வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தளம் வழியாகப் பதிவு செய்தவர்கள் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் பேசியதைப் பிறகு எடுத்துக் காட்டுவது சிரமம்.

கேள்வி: நாங்கள் சைவம். ஓட்டலா, ஜீத்தா? (வாசகி, நுவாசி)

சந்தேகமே இல்லாமல் ஜீத். வெளியே சாப்பிடப் போனால் மீன், கோழி, ஆடு, மறுபடி மீன். சந்தைக்குப் போனால் நிலைமையே வேறு. பூசணி, சௌசௌ, ஈரப்பலா, வாழைக்காய், வள்ளிக்கிழங்கு என்று நம் வீட்டுக் காய்கறிக் கூடையை அப்படியே கவிழ்த்ததுபோல இருக்கும்.

மசாலாக் கடைக்காரப் பெண்மணியிடம் 'கொலம்போ' என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி தருவார். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் சேர்ந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்ததுதான். குழம்பு என்ற சொல்தான் கொலம்போ ஆயிற்று என்று சொல்வார்கள். 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை புவாந்த்-ஆ-பீத்ரில் இறக்கியது. 1889வரை நாற்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுவரப்பட்டார்கள், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏறிய தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். பேரப்பிள்ளைகளுக்கு மொழி தங்கவில்லை, குழம்பு தங்கிவிட்டது. மாரியம்மன் 'மலியெமென்' ஆகியிருக்கிறாள். காபெஸ்தேர்-பெல்-ஓ அருகே ஷாங்ஜி கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது, வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.

இங்கிருந்து கறிவேப்பிலைக் கொத்தோ, செடியோ, பழமோ எடுத்துப் போகாதீர்கள், தாவரநோய்க் கட்டுப்பாடு உண்டு. பருப்பும் பொடியும் போதும். அடுப்பு எத்தனை, குக்கர் வைக்கிற அளவு பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில குடில்களில் ஒற்றை மின்னடுப்புதான், ஐந்து பேருக்குச் சோறும் கறியும் ஆக இரவு பத்து மணி ஆகிவிடும்.

கேள்வி: சென்னையிலிருந்து வருகிறோம். ஷெங்கன் விசா போதுமா? (வாசகர், அடையாறு)

போதாது. குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் போவதைச் சொல்லி அதற்குரிய விசாவைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை திருப்பித் தராத முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.

கேள்வி: கார் இல்லாமல் சமாளிக்கலாமா? (வாசகர், துலூஸ்)

முடியாது என்றே சொல்வேன். மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் பேருந்தை நம்ப முடியாது. விமான டிக்கெட் எடுத்த கையோடு காரையும் பதிவு செய்துவிடுங்கள், டிசம்பரிலிருந்து மார்ச்வரை கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். லே சேன்த் தீவுகளில் மட்டும் கார் வேண்டாம். பாஸ் தேரில் உள்ள த்ருவா ரிவியேரில் படகேறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம், ஊரைக் காலால் நடந்தே பார்க்கலாம்.

கேள்வி: 400 யூரோ 'கோசியோன்', அதாவது சேதத்துக்கு ஈடாக வைக்கும் பிணைப்பணம், கேட்கிறார்கள். திரும்ப வருமா? வேறு என்ன செலவு வரும்? (வாசகி, எவ்ரி)

ஒழுங்காக நடந்துகொண்டால் திரும்ப வரும். விலைக்கு வெளியே வருபவை: சுத்தம் செய்யும் கட்டணம், சில இடங்களில் படுக்கை விரிப்புக்கும் துண்டுக்கும் வாடகை, ஆள் ஒருவருக்கு இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்த வரி கிடையாது, கணக்கில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டுவார். வீட்டுச் சாமான் பட்டியல். பயணக் களைப்பில் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கால் மணி நேரம் செலவழித்து எண்ணிவிடுங்கள். நாங்கள் போனபோது பட்டியலில் கண்ணாடி டம்ளர் எட்டு, அலமாரியில் ஆறு. அப்போதே சொன்னோம். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி எட்டை அடித்து ஆறு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தும் போட்டார். கிளம்பும் நாளில் அதே தாளை வைத்துக்கொண்டு கரண்டி, தட்டு, தலையணை என்று ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்ததும் கோசியோனுக்கு நாங்கள் கொடுத்திருந்த காசோலையை எங்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, தோட்டத்து மாம்பழம் நான்கைப் பையில் போட்டுக் கொடுத்தார்.