தாமரைக்கு யார் பங்காளி? கேள்வி பதில்

கேள்வி: தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம்தானே, ஐயா? (பள்ளி ஆசிரியை)

பதில்: இல்லை, அம்மா. இரண்டும் குளத்தில் பூப்பதால் வந்த மயக்கம் அது. 1990களில் பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை தரும் நுண்ணுறுப்பு) ஆர்.பி.சி.எல். என்ற மரபணுவைப் பல செடிகளில் ஒப்பிட்டபோது, தாமரை அல்லியை விட்டு விலகி பிளேன் மரத்தோடும் (காஷ்மீரின் சினார் இந்த இனம்) சில்வர் ஓக் மரத்தோடும் சேர்ந்தது. பூச்செடிகளை உறவுப்படி பிரிக்கும் தாவரவியலாளர் குழு 1998இல் வெளியிட்ட ஏ.பி.ஜி. வகைப்பாடும் அதை ஏற்றது. தாமரையின் மகரந்தத்தூளை நுண்ணோக்கியில் பாருங்கள், மூன்று பள்ளங்கள் தெரியும். அல்லியில் அப்படி இல்லை.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் தாமரைக்கு உறவா? யார் நம்புவார்கள்? (வால்பாறை வாசகர்)

பதில்: அண்ணன் தம்பி என்று சொல்லவில்லையே! பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரிந்த பங்காளிகள்.

கேள்வி: முருங்கை, அவரை இனமா?

பதில்: காயின் நீளத்தை வைத்துக் குலம் சொல்லாதீர்கள். முருங்கைக்கு நெருங்கியது பப்பாளி; இரண்டும் கடுகு வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய பெரும்பிரிவு) சேர்ந்தவை. பப்பாளி விதையை மென்று பாருங்கள், காரம் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: தாமரை அல்லிக் குடும்பமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஒரு மரபணு பொய் சொல்லாதா? (வால்பாறை வாசகர், மீண்டும்)

பதில்: சொல்லும். அதனால்தான் ஒற்றை மரபணுவை நம்பாதீர்கள் என்று கரடியாய்க் கத்துகிறேன். பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியில் மட்டும் வருவது. கலப்பினத்தில் தந்தைவழி அதில் தெரியாது. ரஃப்ளீசியாவைப் பாருங்கள். திராட்சைக் குடும்பக் கொடிகளை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி அது. அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்று, அதைத் திராட்சையின் உறவு என்றே காட்டியது. உண்மையில் அந்த மரபணு ஓம்புயிரிடமிருந்து, அதாவது அது உறிஞ்சும் கொடியிடமிருந்து, தாவி வந்தது. மற்ற மரபணுக்கள் ரஃப்ளீசியாவை ஆமணக்குக் குடும்பத்தின் பக்கம் கொண்டுபோய் வைத்தன. தாமரையையும் இப்படிச் சோதித்தாயிற்று. 2000இல் பசுங்கணிக மரபணுக்கள் இரண்டையும் உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இடம் மாறவில்லை.

கேள்வி: அப்படியானால் பூவின் அமைப்பைப் படிப்பது வீணா? (வால்பாறை வாசகர், விடுவதாக இல்லை)

பதில்: மகரந்தப் பள்ளத்தைச் சொன்னது யார்? நான்தானே!

கேள்வி: பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் அம்பொரெல்லா என்ற செடிதான் எல்லாப் பூச்செடிகளுக்கும் மூதாதையா?

பதில்: இல்லை. முதலில் பிரிந்த கிளையில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே இனம். அதுவும் நம்மைப்போல இன்றைய உயிர்தான்.

கேள்வி: இந்த இலை எந்தச் செடி? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: இலை மட்டும் போதாது. பூவோடும் காயோடும் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்குப் போங்கள்.

கேள்வி: எருக்கு அரளிக் குடும்பத்துக்குப் போய்விட்டதாமே. தேர்வில் எதை எழுதுவது?

பதில்: போய்விட்டது. ஆனால் தேர்வில் உங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள். விடைத்தாளைத் திருத்துபவர் நானில்லை.