இலையின் இடது பாதி

கேள்வி: என் கணவருக்கு வயது 62. மூன்று மாதத்துக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தது. பேச்சில் குறையில்லை, கைத்தடியோடு நடக்கிறார். ஆனால் இலையில் வலது பாதியை மட்டும் காலி செய்துவிட்டு, “பொரியல் எங்கே?” என்று கோபப்படுகிறார். பொரியல் இடப்பக்கம் அப்படியே இருக்கிறது! கண்ணில் கோளாறு இல்லையாம். மகனோ, “அப்பா வேணும்னே பண்றார்” என்கிறான். இதற்கு சிகிச்சை உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேணும்னே இல்லை அம்மா. முதலில் மகனிடம் அதைச் சொல்லுங்கள். இதை நாங்கள் ‘நெக்லெக்ட்’ என்போம். கண் பார்க்கிறது, மூளையின் கவனம் இடப்பக்கம் போகவில்லை. 1978-ல் இத்தாலியில் பிசியாக், லுட்சாத்தி என்ற இருவர், இதே பாதிப்பு உள்ளவர்களை மிலான் தேவாலயச் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்து வர்ணிக்கச் சொன்னார்கள். நினைவிலும் வலப்பக்கக் கட்டடங்கள்தான் வந்தன. எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், அதுவரை விட்டுப்போனவை வந்துவிட்டன!

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் ‘அருப்புக்கோட்டை’யை ‘கோட்டை’ என்று வாசித்தார், ‘திருநெல்வேலி’யை ‘நெல்வேலி’ என்றார். முப்பது வருஷம் பஸ் போர்டு பார்த்தவர். தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்குச் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையின் இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு டேப் ஒட்டுங்கள். செய்தித்தாளில் ஒவ்வொரு பத்திக்கும் இடப்பக்கம் சிவப்புக் கோடு போடுங்கள். சிவப்பைக் கண்ட பிறகுதான் வாசிக்கவோ சாப்பிடவோ தொடங்க வேண்டும். பொரியல் கேட்டால் இலையைத் திருப்பி வைக்காதீர்கள். “சிவப்பைத் தேடுங்க” என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். தலையைத் திருப்பித் தேடுவதுதான் பயிற்சியே. (அசதியாக இருக்கும் நாளில் திருப்பி வையுங்கள், பாவம்.) இடக்கை விரல் கொஞ்சம் அசைந்தாலும், வாசிக்கும்போது மேஜையில் தட்டச் சொல்லுங்கள். கவனம் அந்தப் பக்கம் வர அதுவும் உதவலாம்.

பிரிசம் கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. பார்ப்பதைச் சுமார் 10 டிகிரி வலப்புறம் தள்ளிக் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு எதிரே உள்ள பொருளைச் சுட்ட வேண்டும். சுட்டும் விரல் முதலில் வலப்புறம் தவறும், பல முறை சுட்டியதும் தானே திருத்திக்கொள்ளும். கண்ணாடியைக் கழற்றினால் கை கொஞ்ச நேரம் இடப்புறம் சாயும். அந்தச் சாய்வுதான் நமக்கு வேண்டியது. சிலருக்குப் பலன் தெரிகிறது, எல்லாருக்கும் என்று ஆய்வுகள் உறுதி சொல்லவில்லை. ஆகவே பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பயிற்சி தருபவர்) இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம், வண்டிச் சாவியை இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது அவரது இடப்பக்கம் யாராவது வரட்டும். சாவி எங்கே என்று சத்தம் போட்டால், நான்தான் வாங்கி வைக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.